வயிற்றைச் சுருக்கியபின் வாந்தி ‘சகஜம்’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, யாருக்குச் செய்யலாம், என்ன செலவாகும், எத்தனை கிலோ குறையும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னது. வீடு திரும்பியவர் தட்டின் முன் உட்காரும்போது என்ன நடக்கும் என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டது. செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் உணவு ஆலோசனை சொல்லும் உணவியலாளர்கள் நாங்கள். விடுபட்ட பகுதியை நிரப்பவே இக்கடிதம்.

வீடுகளில் நாங்கள் அதிகம் கேட்கும் வாசகம், “ஆபரேஷன் ஆனவங்களுக்கு வாந்தி வரத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிடும்” என்பது. இதை நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. சாப்பிட முடியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. வேகமாகச் சாப்பிட்டதால் வரும் சிக்கல் வேறு, வழி சுருங்கியதால் வருவது வேறு, சர்க்கரையால் வருவது வேறு. எது என்று பிரித்தறிந்தால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீரும். மீதிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவைப் பிசைந்து கூழாக்கும் இரைப்பையின் கீழ்ப்பகுதி பைபாஸ் ஆனவருக்கு உணவின் வழியிலேயே வராது. ஆக, அந்த வேலை முழுவதும் பல்லின் தலையில் விழுகிறது. கடைவாய்ப் பற்கள் இல்லாதவர்கள், பல்செட் சரியாகப் பொருந்தாதவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பின்னால் ஏற்படும் பல சங்கடங்களுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. சாம்பார் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றை நாம் மெல்லுவதே இல்லை, விழுங்குகிறோம். கையால் உருட்டும் ஒரு கவளம், புது வயிற்றுக்கு மூன்று நான்கு வாய்க்குச் சமம். முதல் 3 மாதமாவது கையை ஒதுக்கிவிட்டு, குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனை எடுங்கள். ஒரு வாய் என்பது சுண்டுவிரல் நகத்தளவு. அதை 20 முதல் 30 தடவை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்து, ஒரு நிமிடம் விட்டு அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் மிச்சமிருந்தால் மூடி வைத்துவிடலாம். முதல் மாதத்தில் ஒரு வேளைக்கு 30 முதல் 60 மில்லி, 3 மாதம் கழித்து ஒரு சிறிய காபி டம்ளர் அளவு, ஒரு வருடத்தில் ஒரு கிண்ணம் என்பது பொதுவான கணக்கு.

நிறுத்த வேண்டிய நேரத்தை வயிறு முன்கூட்டியே சொல்லும். பசி அடங்கிய பழைய நிறைவாக அது இருக்காது. நெஞ்செலும்புக்குக் கீழே லேசான அழுத்தம், ஒரு விக்கல், ஒரு தும்மல், திடீரென்று மூக்கில் நீர் ஒழுகுவது என்று ஆளுக்கு ஆள் மாறும். அது வந்தபிறகு போடும் ஒரே ஒரு ஸ்பூன்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவருவது. “இந்த ஒரு வாயை வீணாக்காதே” என்று சொல்லும் பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும்.

மும்பையில் அதிகம் சிக்கிக்கொள்வது பாவ். வடாபாவில் வடைக்குத்தான் பயப்படுகிறார்கள். எண்ணெயில் பொரித்த வடையும் நல்லதல்ல என்றாலும், அடைப்பது பாவ்தான். மிருதுவான ரொட்டி எச்சிலோடு சேர்ந்ததும் மாவுருண்டையாகத் திரும்பி, குறுகிய வாயிலில் கோந்துபோல ஒட்டிக்கொள்ளும். பரோட்டாவும் ஆறிப்போன சப்பாத்தியும் அப்படியே. ரொட்டி வேண்டுமென்றால் சில மாதங்கள் கழித்து, முறுக முறுகச் சுட்டு, துளித்துளியாக. மறுநாள் சூடாக்கிய கோழிக்கறி, ஃபிரிட்ஜில் வைத்து விறைத்த சோறு, முருங்கைக்காய் நார், கொத்தவரங்காய், வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், பெருவெட்டாகத் துருவிய தேங்காய் ஆகியவையும் ஒதுக்க வேண்டிய பட்டியலில் வரும். அசைவம் சாப்பிடுபவர்கள் மென்மையான உணவுக்கு மாறும் வாரங்களில் மீனில் தொடங்குவது நல்லது. ஆவியில் வேகவைத்த வாவல் அல்லது சுர்மை (நம் வஞ்சிரம்) எளிதாக இறங்கும். இங்கே மலிவாகக் கிடைக்கும் பச்சைப் பொம்பில் (காயவைக்காத ‘பாம்பே டக்’ மீன்) இன்னும் மிருது. ஆனால் அதில் நீர்ச்சத்து அதிகம், புரதம் மற்ற மீன்களைவிடக் குறைவு. அதை ரவையில் புரட்டிப் பொரித்துவிட்டால் சொன்னதற்கே அர்த்தமில்லை.

உணவு சிக்கிவிட்டது என்பது எப்படித் தெரியும்? நடு நெஞ்சில் இறுக்கம், வாய் நிறைய எச்சில், பிறகு வெள்ளை நுரையாக வெளியே வருவது. குமட்டல் பெரும்பாலும் இருக்காது, உண்டது செரிக்காமல் அப்படியே மேலே வரும். இந்த நேரத்தில் நம் வீடுகளில் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, “தண்ணி குடி, இறங்கிடும்” என்பது. அடைத்த குழாயின் மேல் தண்ணீர் விட்டால் அது போக இடமின்றி, வலியைக் கூட்டி, மேலேதான் வரும். இன்னொன்று, மீன் முள்ளுக்குச் சொல்வதுபோல வெறும் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்வது. இது முன்னதைவிட மோசம். செய்ய வேண்டியது இவ்வளவே: சாப்பிடுவதை நிறுத்தி, எழுந்து நின்று, மெதுவாக நடந்து, காத்திருப்பது. பெரும்பாலும் தானாக இறங்கும், அல்லது வெளியே வந்துவிடும். வயிறு வீங்கிப் புண்ணாகியிருக்கும் என்பதால் அன்று முழுவதும் திரவம் மட்டும், மறுநாள் கூழ், அதற்கடுத்த நாள் மென்மையான உணவு. சில மணி நேரம் கழிந்தும் சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒருமுறை சிக்கியவர்களில் சிலர் பயந்துபோய் மாதக்கணக்கில் கஞ்சியும் பாலுமாகவே இருந்துவிடுகிறார்கள். சிலர் மென்றதைத் துப்பிவிடுகிறார்கள், அல்லது நெஞ்சு இறுக்கம் குறைய விரல் விட்டு வாந்தி எடுக்கப் பழகுகிறார்கள். இதைக் குடும்பத்தார் கண்டிப்பதால் பயனில்லை. இங்கே உணவியலாளரோடு மனநல ஆலோசகரும் தேவை. எடைக் குறைப்புப் பிரிவுகள் பலவற்றில் அவரும் இருப்பார், கேட்டால் அனுப்புவார்கள்.

இனி, வழி சுருங்குவதை அடையாளம் காணும் முறை. நேற்று இறங்கிய பருப்புச்சாதம் இன்று நிற்கிறது, நாளை மறுபடி இறங்குகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் வேகத்திலோ வாயளவிலோ இருக்கும். அப்படியின்றி, முதலில் கெட்டி உணவு இறங்கவில்லை, ஒரு வாரத்தில் கூழும் இறங்கவில்லை, பிறகு தண்ணீரே தகராறு என்று படிப்படியாக மோசமானால், மெல்லும் பழக்கத்தைத் திருத்திப் பயனில்லை. பைபாஸில் இணைப்புத் தழும்பு இறுகுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அதிலும் நாலாவது வாரத்தை ஒட்டி வெளிப்படும். ஸ்லீவில் குழாய் நடுவில் மடங்கியோ முறுக்கியோ கொள்ளலாம். எண்டோஸ்கோபியில் பார்த்து, பலூனை விட்டு விரிப்பது வழக்கமான சிகிச்சை. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படும். பைபாஸ் இணைப்பில் புண் வருவதும் உண்டு. புகைப்பவர்களுக்கும், மூட்டுவலி தலைவலிக்கென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுபவர்களுக்கும் அது அதிகம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மற்றதெல்லாம் மருத்துவரைக் கேட்டு.

இப்போது இக்கடிதத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வாந்தி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், தண்ணீர் வற்றுவதோடு வைட்டமின் பி1 எனப்படும் தயமினும் குறைகிறது. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்கெனவே அரைகுறையாகச் சாப்பிடுபவருக்கு அது இன்னும் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், கண் அலைபாயும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். சில நாள் தாமதித்தாலும் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். இந்த நிலையில் உள்ளவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், ‘சோர்வாக இருக்கிறார்’ என்று குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினையும் அந்தச் சர்க்கரை செலவழித்துவிடும், மூளை பாதிப்பு தீவிரமாகும். முதலில் தயமின் ஊசி, அல்லது குளுக்கோஸோடு சேர்த்தே தயமின். தனியாகக் குளுக்கோஸ் கூடாது. நோயாளியைக் கூட்டிப் போகும் உறவினர் இந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சின்னக் கிளினிக்கில் எல்லா அறுவை சிகிச்சை பற்றியும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கணக்கு உதவும். 10 நிமிடத்துக்கு 30 மில்லி என்று உறிஞ்சினால் மணிக்கு 180 மில்லி, 10 மணி நேரத்தில் 1.8 லிட்டர். நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் என்ற இலக்கு அப்படித்தான் எட்டும். மடக் மடக்கென்று குடிப்பது நடவாது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே நிறுத்தி, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். கூடவே குடித்தால் இருக்கிற சின்ன இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், உணவையும் அவசரமாகத் தள்ளிவிடும். லோக்கல் ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போகிறவர்கள் சாப்பாட்டைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் வைத்து, பயண நேரத்தைத் தண்ணீருக்கு ஒதுக்கினால் இரண்டும் மோதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சோடாவும் ஸ்ட்ராவும் வேண்டாம், காற்று உள்ளே போகும். சிறுநீர் கருமஞ்சளாக, நாளுக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது புரதம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் வருவது ரசமும் கஞ்சியும். தொண்டைக்கு இதம்தான். ஆனால் ரசத்தில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், அரிசிக் கஞ்சியில் பெரும்பாலும் மாவுச்சத்து. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். அதை நம்பினால் 30 இட்லி வேண்டும். சைவக்காரர்களுக்கு, மென்மையான உணவு தொடங்கியபின் ஒரு நாளைக்கு இப்படித் திட்டமிடலாம்: 200 மில்லி பாலில் 30 கிராம் வே புரோட்டின் பவுடர், இரண்டு பகுதியாகப் பிரித்துக் காலையிலும் மாலையிலும் குடித்தால் சுமார் 30 கிராம். மதியம் உதிர்த்த பனீர் 50 கிராமில் 9. தண்ணீர் வடித்த கெட்டிப் பாசிப்பருப்பு சின்னக் கிண்ணம் ஒன்றில் 5. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் 100 கிராமில் 7 அல்லது 8. பொட்டுக்கடலை மாவு 25 கிராமில் 5. ஊறவைத்துப் பிழிந்து அரைத்த சோயா, காய்ந்த நிலையில் 15 கிராம் எடைக்கு 7. மொத்தம் 60-ஐத் தாண்டிவிடும். தொங்கவிட்ட தயிரை வீட்டில் செய்யச் சோம்பல் என்றால் இங்குள்ள டெய்ரிகளில் இனிப்புச் சேர்க்காத ‘சக்கா’ என்று கேளுங்கள், அதேதான். முட்டை சேர்ப்பவர்களுக்கு ஒன்றுக்கு 6 கிராம் என்று வேலை சுலபம். தட்டில் எதிருந்தாலும் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். வயிறு நிறைந்து விடுபட்டுப் போவது சோறாகவே இருக்கட்டும்.

முதல் வாரங்களில் தாளிக்கும் வாசனையே குமட்டும், புரோட்டின் பவுடர் சுண்ணாம்புபோல் இருக்கும். உணவை ஆறவைத்துக் கொடுத்தால் வாசனை குறையும். பால் குடித்ததும் வயிறு பொருமி, போக்கு வந்தால், பாலை நிறுத்திவிட்டுத் தயிருக்கும் சோயா பாலுக்கும் மாறலாம். 3 மாதத்தில் தொடங்கும் முடி கொட்டுதல் பலருக்கும் ஓரளவு வரும், பெரும்பாலும் பிறகு நிற்கும். அது நிற்காமல் தொடர்ந்தாலோ, காலில் வீக்கம் வந்தாலோ புரதம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரையால் வரும் தொல்லை, குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, இரண்டு விதம். இனிப்பைச் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் வயிற்றைப் பிசைந்து, படபடத்து, வியர்த்து, வயிற்றுப்போக்கு வந்தால் அது முதல் வகை டம்பிங். இனிப்பு அப்படியே சிறுகுடலில் கொட்டி, ரத்தத்திலிருந்து நீரை இழுப்பதால் வருவது. அரை மணி படுத்திருந்தால் அடங்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, கண் இருட்டி, பசி பிய்த்தால் இரண்டாவது வகை. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது. அப்போது 3 டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், உடனே வேண்டும். 15 நிமிடத்தில் பனீரோ முட்டையோ சாப்பிடாவிட்டால், அந்தச் சர்க்கரையே அடுத்த சரிவைக் கொண்டுவரும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கட்டிங் சாய், பம்பாய் அல்வா, கரும்புச் சாறு இவற்றைத் தவிர்க்கச் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கருப்பட்டிக் காபி, வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, தேன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்குக் கேட்கிறார்கள். குடலுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது, அதற்கு எல்லாம் சர்க்கரைதான்.

இதற்கு நேர்மாறான சிக்கல், தொல்லையே தராத உணவு. நன்றாகக் குழைந்த தயிர்சாதம், பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்ததாகவே காட்டாது. கோழியும் காயும் சிக்குகிறது என்று இவற்றுக்குத் தாவுபவர்களுக்கு இரண்டாம் வருடத்தில் எடை திரும்புகிறது. ‘எனக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது’ என்று யாராவது சொன்னால், எது என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாக. முதல் வாரங்களில் பெரிய மாத்திரைகளுக்குப் பதில் சிரப் அல்லது மெல்லும் மாத்திரை கேட்டு வாங்குங்கள். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500-600க்கு மேல் உடல் ஏற்காது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புக்குப் பக்கத்தில் காபி, டீ கூடாது. பி12 எல்லோருக்கும், குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு, கட்டாயம், ஆயுள் முழுவதும். சர்க்கரை நோய் மாத்திரையையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே தொடர்வது ஆபத்து. சாப்பாடு குறைந்த அன்றே அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

காய்ச்சல், ஓய்விலும் நாடித்துடிப்பு 120க்கு மேல், இடது தோளில் வலி ஆகியவை முதல் சில வாரங்களில் வந்தால் தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். வாந்தி பச்சையாகவோ காபித்தூள் நிறத்திலோ வந்தால் எந்த மாதமானாலும் அவசரம்தான். வலது விலாவுக்குக் கீழ் வலி பித்தக்கல்லாக இருக்கலாம், எடை வேகமாகக் குறையும்போது அது உருவாகும். பைபாஸ் ஆனவருக்கு, வருடங்கள் கழித்தும், சாப்பிட்டதும் முறுக்கி முறுக்கி வலித்தால் குடல் உள்ளே நழுவிச் சிக்கியிருக்கலாம். சோனோகிராஃபியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. மும்பைத் தமிழர் பலர் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தேறுவதற்கென்று திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ரயிலேறிவிடுகிறார்கள். முதல் 6 வாரத்துக்குள் போகாமலிருப்பதே மேல். போயே ஆக வேண்டுமென்றால், ஒரு நாளுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்துக்கு ரயிலில் விற்பதை நம்பாமல், சின்னப் பால் பாக்கெட்டுகள், பொட்டலம் கட்டிய புரோட்டின் பவுடர், அளவுக்கோடு போட்ட தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் பெட்டியில் இருந்தால் போதாது, படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். பர்ஸில் ஒரு சீட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும்: செய்த அறுவை சிகிச்சையின் பெயர், தேதி, மருத்துவரின் தொலைபேசி எண், ‘டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை கூடாது’, ‘தயமின் தராமல் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது’, ‘பழக்கமில்லாதவர் மூக்கு வழியாக இரைப்பைக் குழாய் செலுத்த வேண்டாம்’. கூட வருபவருக்கும் அதில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள்,
செம்பூர், மும்பை.